திரும்பாது என்று சொன்ன விசிறி

போன மாதம் பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வெளியூர்க்காரர்களுக்காகவே திறந்து வைத்திருக்கும் கடைகளில் ஒன்று அவருடையது. பக்கத்து வீட்டில் ஏதோ தேக்கு அலமாரியைப் பார்க்க வந்தவருக்கு, என் வீட்டுக் கூடத்தில் நிற்கும் மேசை விசிறியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பித்தளை இறக்கை, கறுப்பு இரும்புக் கூண்டு, ஒரு கையால் தூக்க முடியாத கனம். அவர் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "ஓடுமாம்மா?" என்று கேட்டார். ஓடும் என்றேன். "தல திரும்புமா?" என்றார். சாதாரணக் கேள்விதான். பழைய விசிறி வாங்குகிறவர் யாரும் கேட்கக்கூடியது. ஆனால் எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும், இன்னொரு முறை உரக்கக் கேட்டார்.

அந்த விசிறிக்குச் சொந்தக்காரரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆரம்பத்தில் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசியே' என்றேன். பிறகு அவர் உத்தரவுப்படி 'சார்' என்றேன். மனதுக்குள் அவர் எப்போதும் ஆலோசகர். கல்லூரியில் மாணவர் ஆலோசனைப் பிரிவு என்ற ஒன்றின் தலைவர். யார் என்ன படிக்கலாம், யார் என்ன படிக்கக் கூடாது என்று சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். இதை நல்ல மனதோடு எழுத உட்காரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். அவரைப் பற்றி நல்லது பேச அவர் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பங்குக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பத்து நான்காம் வருஷக் கடைசியில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. தெருவெல்லாம் வெடி, தோரணம், இனிப்பு. நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்களுக்கும் சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் ஒரு சங்கதி மெல்ல உறைத்தது. அதுவரை பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இனி எங்கே போவது? காசுள்ளவர்கள், கடல் தாண்டி உறவு உள்ளவர்கள், பிரெஞ்சு வகுப்பிலேயே தொடர்ந்து ஒரு நாள் கப்பலேறிவிடுவார்கள். மற்றவர்கள் இந்தப் பக்கத்து இங்கிலீஷ் படிப்புக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவுகிறவர்களைக் கை பிடித்து இறக்கிவிடத்தான் அந்தப் பிரிவைத் திறந்தார்கள். புகுமுக வகுப்பில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டு. இங்கிலீஷ் வராதவர்களுக்கு ஆறு மாத மாலை வகுப்பு. மூன்றுக்கும் வாசல் ஒன்றே, அந்த வாசலில் ஆலோசகர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பூசாரி. அறைக்கு வெளியே புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். சாய்ந்த வெயில் விழும் நேரத்தில் வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து பழைய பிரெஞ்சு எழுத்துகள் எட்டிப் பார்க்கும்.

ஆளும் அந்தப் பலகை போலத்தான். கொடி இறங்குவதற்கு முன்னால் அவரைச் சாயங்கால வேளைகளில் கடற்கரையில் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கையில் பிரம்பு. வெள்ளைக்காரர் எதிரே வந்தால் தொப்பியைத் தூக்குவார், எங்களைப் போன்றவர்கள் எதிரே வந்தால் கடலைப் பார்ப்பார். கொடி மாறிய சில மாதங்களிலேயே கோட்டு பெட்டிக்குள் போயிற்று. கதர்ச் சட்டை வந்தது. முசியே என்று கூப்பிட்ட பியூனை எல்லோர் முன்னாலும் அதட்டி, இனி 'சார்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். காலத்துக்குத் தகுந்தாற்போல மாறுவதில் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். சட்டையை மாற்றிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? அவர் வேறொன்றையும் மறந்துவிட்டதாக நடித்தார். அதுதான் என் வழக்கு.

என் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா கூடை சுமந்து ஊருக்குள் மீன் விற்கிறவள். எங்கள் குப்பத்திலிருந்து கன்னியர் மடத்துப் பள்ளிக்குப் போன முதல் பெண் நான்தான். அங்கே கணக்குச் சொல்லித் தந்த கன்னியாஸ்திரியை 'மா சேர்', அதாவது சிஸ்டர், என்று கூப்பிடுவோம். நெட்டையானவர், நீல நரம்பு ஓடும் கைகள். கரும்பலகையில் கை நடுங்காமல் ஒரே வீச்சில் வட்டம் போடுவார். மதிப்பெண் கொடுப்பதில் மட்டும் மகா கருமி. பிரெஞ்சுப் பள்ளிகளில் மதிப்பெண் இருபதுக்குத்தான். முதல் நாளே சொல்லிவிடுவார்: "இருபது ஆண்டவருக்கு. பத்தொன்பது எனக்கு. மிச்சத்தை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்." அந்த மிச்சத்திலும் பதினைந்துக்கு மேல் அவர் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பத்து வாங்கினால் தேறியவள். பன்னிரண்டு வாங்கினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கணக்கில் பதினான்கு வந்தபோது மா சேர் என் தாளை வகுப்பில் உயர்த்திக் காட்டினார். எல்லாப் பாடங்களும் சேர்த்துச் சராசரி பன்னிரண்டு. வகுப்பில் இரண்டாவது. எனக்கு வடிவியல் மேல் அப்போது இருந்தது ஆசை இல்லை, பைத்தியம். ஈர மணலில் குச்சியால் முக்கோணம் போட்டு, அலை வந்து அழிப்பதற்குள் நிரூபித்து முடிக்கப் பார்ப்பேன். கணக்குப் படிக்க வேண்டும், கணக்கு வாத்தியாராக வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம் எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் விருந்தாளியாக வந்தார். அப்போது அவர் கல்லூரியில் மேற்பார்வையாளர். கோட்டுப் பையில் ரோஜா செருகியிருந்தார். மேடையில் நின்று, தான் படித்த காலத்தில் கணக்கில் பதினொன்று வாங்கியதாகவும், வெள்ளைக்கார ஆசிரியர் கை குலுக்கியதாகவும், தங்க விளிம்பு போட்ட புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்ததாகவும், அந்தப் புத்தகம் இன்னும் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருப்பதாகவும் சொன்னார். "பதினொன்று என்பது விளையாட்டு இல்லை, பெண்களே" என்றார். நாங்கள் கை தட்டினோம். நான் பலமாகவே தட்டினேன்.

புகுமுக வகுப்பில் சேர வேண்டிய வருஷம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அப்பா கடலில் இருந்தார். அம்மா அன்றைக்கு வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, சோப்பு போட்டுக் குளித்து, மீன் வாடை தெரிந்துவிடக் கூடாதென்று தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் நடந்தே போனோம். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. வரிசை என்று பேர். செருப்புச் சத்தத்தோடு வந்தவர்களைப் பியூன் முதலில் உள்ளே விட்டான். வெறுங்காலோடு வந்தவர்கள் நாங்களும், அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு விவசாயியும் அவர் மகனும். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

உள்ளே போனதும் நான் பார்த்தது இந்த விசிறியைத்தான். சர்க்கார் கொடுத்ததில்லை, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். மேசை ஓரத்தில் அவரைப் பார்த்த மாதிரி நின்றுகொண்டு அவருக்கு மட்டும் வீசியது. அவருடைய கதர்ச் சட்டைக் காலர் படபடத்தது. காகிதங்கள் மேல் வழுவழுப்பான கடற்கல் ஒன்றை வைத்திருந்தார். எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளுக்கும் விசிறியின் முதுகுதான். அம்மாவுக்கு வேர்வை கழுத்து வழியாக இறங்கியது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடுதான் கேட்டாள்.

"முசே, காத்து கொஞ்சம் இந்தப் பக்கம் வராதுங்களா? வெயில்ல நடந்தே வந்தோம்."

"சார்னு சொல்லும்மா" என்றார் அவர், தாளிலிருந்து தலை தூக்காமல். பிறகு விசிறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது திரும்பாதும்மா" என்றார்.

அம்மா சரி என்று தலையசைத்தாள். திரும்பாத விசிறியை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார் என்ற இரக்கம் கூட அவள் முகத்தில் இருந்தது.

என்னிடம் பிரெஞ்சில் கேட்டார், என்ன படிக்க வேண்டும் என்று. கணக்கு என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். வாய்ப்பாடு சொல்லும் குரலில், "பன்னெண்டஞ்சு அறுபது" என்று சொல்லி என் சான்றிதழின் மூலையில் அறுபது என்று எழுதினார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. இருபதுக்குப் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு அறுபதுதான். பெருக்கல் சரி. சின்னப் பிள்ளை கூட அப்படித்தான் பெருக்கும். ஆனால் கணக்கு தப்பு. இருபது ஆண்டவருக்கு என்று பூட்டி வைத்த பள்ளியில் வாங்கிய பன்னிரண்டும், நூற்றுக்கு எண்பதை அள்ளிக் கொடுக்கிற பள்ளியில் வாங்கிய அறுபதும் எப்படி ஒன்றாகும்? இது தெரியாதவர் பெருக்கினால் மன்னிக்கலாம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பதினொன்றுக்குப் பரிசு வாங்கி, அதை மேடையேறிச் சொன்னவர் பெருக்கினார்.

என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். "அறிவியல் பிரிவுக்கு அறுபத்தஞ்சு வேணும். கடலூர்லேருந்து வர்ற பசங்க எழுபது எம்பதுன்னு கொண்டாந்து கொட்டறாங்க. உங்க பொண்ணு சுமாரும்மா. கலைப் பிரிவுல போடறேன். சரித்திரம் படிக்கட்டும். பொம்பளப் புள்ளைக்கு அது போதும்."

சுமார். என் வாழ்க்கையில் என்னை அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் காதுமடல் சூடானது இப்போதும் நினைவிருக்கிறது. நான் தமிழிலேயே, அம்மாவுக்குப் புரியட்டும் என்று, கேட்டுவிட்டேன். "சார், நீங்க பதினொண்ணு வாங்கினதுக்குப் புஸ்தகம் பரிசு குடுத்தாங்கன்னு எங்க ஸ்கூல்ல வந்து சொன்னீங்களே. நான் பதினாலு வாங்கியிருக்கேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் கூட ஆளை மதித்திருப்பேன். அவர் சிரித்தார். "அது அந்த சர்க்கார் பதினொண்ணு" என்றார். "இப்ப முறை மாறிப்போச்சு. நான் என்ன பண்றது?" பிறகு அம்மாவிடம், "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, பாத்துக்கம்மா" என்றார்.

அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "தெரியாம பேசிடுச்சு சாரு, மனசுல வெச்சுக்காதீங்க" என்று எழுந்து கும்பிட்டாள். வாசலைத் தாண்டும் வரை முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்தாள். கோயில் கருவறையிலிருந்து வெளியே வருகிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நமக்கு நல்லது செய்துவிட்டால், மறுநாள் கூடையில் இருக்கும் முதல் மீன் அவருக்கு. நல்ல மீனாகப் பார்த்து அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டுத்தான் போணி பண்ண வேண்டும். மறுநாள் காலையில் அம்மா ஒரு வஞ்சிரத்தைத் தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்தேன். வெள்ளி மாதிரி மின்னியது. அந்த வாரத்தில் அப்பா கொண்டுவந்த ஒரே பெரிய மீன். யாருக்கு என்று கேட்டேன், கேட்காமலேயே தெரிந்தும். "சாருக்குத்தான். நல்ல வழி காட்டினவரு கண்ணு. மீன்காரி பொண்ணக் காலேஜுல சேத்து வுட்டாரே, அது போதாதா?" என்றாள். நான் அழுதேன், கத்தினேன். அவர் நல்ல வழி காட்டவில்லை, வழியை அடைத்துவிட்டார் என்று என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். "அவரு எம்மாம் படிச்சவரு, பொய்யா சொல்லுவாரு?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, அவரே வாசலுக்கு வந்து மீனை வாங்கிக்கொண்டதாகவும், 'நல்ல மீன்' என்று சொன்னதாகவும் பூரிப்போடு சொன்னாள். வாங்கிக்கொண்டார் பாருங்கள். என் படிப்பைப் பறித்ததை விட, அந்த வஞ்சிரத்தைக் கை நீட்டி வாங்கியதுதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றிலிருந்து அம்மா அவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கத் தொடங்கினாள். நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்தாள்.

கலைப் பிரிவில் சேர்ந்தேன். மாலையில் இங்கிலீஷ் வகுப்பு. அதை நடத்தியதும் ஆலோசகர்தான். இங்கிலீஷ் அவருக்கும் புதுசு. முந்தின நாள் வீட்டில் படித்ததை மறுநாள் எங்களுக்குச் சொல்வார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். அது குற்றமில்லை. ஒவ்வொரு வகுப்பையும் அவர் ஒரே உபதேசத்தோடு முடிப்பார்: "பிரெஞ்ச உதறித் தள்ளுங்க. அது முடிஞ்சுபோன கதை. இனிமே உலகம் இந்தப் பக்கம்தான்." நான் இரண்டு முறை அவரிடம் போய் அறிவியல் பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். முதல் முறை இடம் இல்லை என்றார். இரண்டாம் முறை, ஒரு வருஷம் போய்விட்டது, இனிக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். இரண்டு முறையும் விசிறி அவருக்கு மட்டுமே வீசிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன்.

சரித்திரப் பட்டப் படிப்பின் கடைசி வருஷத்தில் கல்லூரி ஆண்டு விழா நடந்தது. முதல்வர் மதராஸிலிருந்து வந்தவர், நேர்மையான மனிதர், பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அன்றைக்கு விருந்தினராகப் பிரான்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். விழாவுக்கு முன்னால் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது மதிப்பெண் பேச்சு வந்திருக்கிறது. முதல்வர் மேடையிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார்: "பிரெஞ்சு முறையில பன்னெண்டு வாங்கினா அது ரொம்பப் பெரிய மார்க்குன்னு இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நாங்க இத்தனை வருஷமா அஞ்சால பெருக்கிட்டு இருந்தோம். ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே!" கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை. இந்த ஆள் புது முதல்வரிடம் போய், 'ஐயா, இருபதுக்கு வாங்கிய மார்க்கை இப்படிப் பார்க்கக் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்வதற்காகவே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருடைய வேலையே அது ஒன்றுதான்.

விழா முடிந்து மாடிப்படியில் அவரை மறித்தேன். அப்போது எனக்குப் பயம் போயிருந்தது. "உங்களுக்குத் தெரியுமே சார்?" என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. நான் யார், எதைக் கேட்கிறேன் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அவங்க என்னக் கேக்கலையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். பாதிப் படி இறங்கி நின்று, "புதுசா வந்தவங்ககிட்ட பழைய சர்க்கார் பெருமையப் பேசினா என்ன நெனப்பாங்க? எனக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றார்.

இதைக் கேட்டவர்கள் பலர் என்னிடம் அவருக்காகப் பரிந்து பேசியிருக்கிறார்கள். பாவம், பயந்த மனிதர், வேலை போய்விடும் என்ற அச்சம் என்பார்கள். பயம் எல்லோருக்கும்தான் உண்டு. நாலு மரத்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி அதை நம்பிக் கடலுக்குள் போகிற என் அப்பாவுக்கு இல்லாத பயமா? தன் பயத்துக்கு ஊரார் பிள்ளைகளின் படிப்பைத் தின்னக் கொடுத்தவரை எனக்குப் பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல்வர் மேடையில் சொன்னதை அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டும் அரிவாள்மணையைக் கழுவியபடி, "பெரியவங்க எதையாச்சும் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாங்க கண்ணு" என்றாள். அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. மார்க்கு என்பது அவளுக்குக் கண்ணால் பார்க்க முடியாத சரக்கு.

உழவர்கரையில் ஒரு பள்ளியில் எனக்குச் சரித்திர ஆசிரியை வேலை கிடைத்தது. வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஓய்வு பெறும்வரை அசோகர் மரம் நட்டதையும் அக்பர் வரி போட்டதையும் குறையில்லாமல் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வகுப்பறையில் கணக்கு வாத்தியார். நடுவில் தட்டிதான். அவர் கரும்பலகையில் கோடு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என்ன படம் போடுகிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். சில சமயம் நிரூபணத்தின் நடுவில் தடுமாறி நிற்பார். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அந்த அடுத்த வரி என் நாக்கு நுனியில் நிற்கும். நான் பானிப்பட்டுப் போரைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் ஊர் முழுசாகவும் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. வேண்டும் என்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். எங்கள் ஆலோசகர் கெடு முடிகிற வரை கூடக் காத்திருக்கவில்லை. பிரெஞ்சை உதறித் தள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் கதர்ச் சட்டையை உதறித் தள்ளிவிட்டு, பெட்டியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டார். உலகம் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது போலிருக்கிறது. வருஷக் கடைசியில் குடும்பத்தோடு கப்பலேறப் போகிறார் என்று ஊரில் பேச்சு.

அந்த டிசம்பரில் ஒரு நாள் மாலை அம்மா வந்தாள். நான் அப்போது பள்ளிக்குப் பக்கத்தில், மின்சார விளக்கு உள்ள சின்ன வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். அப்பாவும் அம்மாவும் என்னோடுதான். தலையில் மீன் கூடை, கூடைக்குள் இந்த விசிறி. கூண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். நான் ஓடிப்போய் இறக்கினேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"முசே குடுத்தாரு கண்ணு" என்றாள். அவர் மறுபடி முசே ஆகிவிட்டிருந்தார். "இத்தினி வருசம் நல்ல மீனா குடுத்தியே, கப்பல்ல இத எடுத்துட்டுப் போவ முடியாது, வெச்சுக்கன்னாரு. எவ்ளோ பெரிய மனசு பாத்தியா? நாளான்னிக்குக் கெளம்புறாங்க. நாளைக்கு மொத மீன அவுங்க வூட்டுக்குத்தான் வெக்கணும்."

அம்மா தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டுச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தெந்தச் சாமான் யார் யாருக்குப் போயிற்று, அந்தம்மா எப்படி அழுதாள் என்றெல்லாம். "பையனுக்கு அங்க பெரிய படிப்புக்கு எடம் கெடச்சுடுச்சாம். பன்னெண்டு மார்க்காம். அங்க பன்னெண்டுன்னா அம்மாம் பெருசாம் கண்ணு. முசே ஒரே சிரிப்பு."

விசிறியைத் தூக்கி மேசை மேல் வைத்தேன். இப்படி ஒரு பொருளை வீட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மா அவ்வளவு தூரம் தலையில் சுமந்து வந்திருந்தாள். கம்பியைச் செருகி ஓட விட்டேன். எனக்கு எதிரே வீசியது, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்போதுதான் பின்னால் மோட்டார் மேல் நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பித்தளைக் குமிழைப் பார்த்தேன். துருப்பிடித்துக் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த ஒன்றிலாவது அந்த மனிதர் பொய் சொல்லாமல் இருந்திருக்கட்டும் என்று இருந்தது. குமிழை அழுத்தினேன்.

விசிறி ஒரு தடங்கலும் இல்லாமல் தலையைத் திருப்பியது. எண்ணெய் போட்டுப் பராமரித்த பொருள். மெல்ல மெல்லத் திரும்பி, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா மேல் வீசிற்று. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடி பறந்தது. மறுபடி என் பக்கம் வந்தது. மறுபடி அவள் பக்கம் போயிற்று.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பாதுன்னாரே" என்றாள்.

விசிறி அவள் பக்கம் போய்விட்டு வந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்குவதைப் பார்த்தேன். ஆறு வருஷமாக நான் அழுது, கத்தி, விளக்கியும் இறங்காத ஒன்று.

"கண்ணு" என்றாள். "உன்னுதும் பன்னெண்டு தானே?"

"ஆமாம்மா" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

மறுநாள் விடியலில் அப்பா நல்ல வஞ்சிரம் ஒன்று கொண்டுவந்தார். அம்மா அதைக் கூடையில் வைக்கவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையிலிருந்து வால் வரை தானே துண்டு போட்டாள். எனக்கு விவரம் தெரிந்து எங்கள் வீட்டில் முதல் மீனை நாங்களே சாப்பிட்டது அன்றைக்குத்தான். நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள்.

வியாபாரி மூன்றாம் முறையும் கேட்டார். "திரும்பும்" என்றேன். அவர் நம்பாமல் ஓட விட்டுத் தானே குமிழை அழுத்திப் பார்த்தார். காற்று அவர் மேல் பட்டு, என் மேல் பட்டு, அம்மா இருந்தவரை வழக்கமாக உட்கார்ந்த சுவர் ஓரம் வரை போய்த் திரும்பியது. அருமையான பொருள், என்ன விலை என்றாலும் தருகிறேன் என்றார். விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி, அவருக்கு ஒரு நாற்காலியை எடுத்துக் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் போட்டேன்.